நெறி கட்டினால் புற்றுநோயா?

கழுத்திலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினாலே புற்றுநோய்தான் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை ஐயா. நடவு நாளில் காலில் சேற்றுப்புண் வந்து, கூடவே தொடையிடுக்கில் நெறியும் கட்டுவதை நம் டெல்டாவில் பார்க்காத வீடு ஏது? கிருமியை எதிர்க்க நிணநீர்க் கணு என்ற சிறு முடிச்சுக்குள் இரத்த வெள்ளணுக்கள் பெருகுவதால் வரும் வீக்கம் அது. நுண்ணோக்கியில் பார்த்தால் கணுவின் அமைப்பு குலையாமல், பெரிதும் சிறிதுமாக வெள்ளணுக்கள் பெருகும் மையங்கள் பெரும்பாலும் தெரியும். காசநோய்க் கணுவில் தயிர்க்கட்டி போல் திசு சிதைந்திருக்கும், அதுவும் புற்றன்று. திசுப் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘ரியாக்டிவ் ஹைப்பர்பிளாசியா’ என்றிருந்தால் இந்த எதிர்வினை வீக்கம்தான். கையெழுத்திட்ட நோய்க்குறியியல் மருத்துவரிடமே கேட்கலாம். நான்கு வாரத்தில் வற்றாவிட்டாலோ, கல்லாய் இறுகினாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.