ஹெட்போன் போட்டு ஓடினால் தகுதிநீக்கமா?

‘உலகம் முழுக்க மாரத்தானில் ஹெட்போனுக்குத் தடை, போட்டால் பதக்கம் கிடையாது’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை. அமெரிக்கத் தடகளச் சங்கம் 2007-இல் எல்லோருக்குமே தடை போட்டது; அடுத்த ஆண்டே அதைத் தளர்த்தி, சாம்பியன்ஷிப் பதக்கத்துக்கும் பரிசுப் பணத்துக்கும் ஓடுகிறவர்களோடு நிறுத்திக்கொண்டது. பிரிட்டனில் 2016-இல் வந்த விதி, போக்குவரத்து முழுதாக நிறுத்தப்படாத சாலைகளுக்கானது. அதிலும் காதை அடைக்காத, எலும்பு வழியே ஒலி கடத்தும் வகைக்கு விலக்கு உண்டு.

மற்றபடி முடிவு அந்தந்தப் போட்டி அமைப்பாளர் கையில். எண் அட்டையோடு வரும் விதித்தாளைப் பாருங்கள். சரி, அனுமதி இருந்தால் போடலாமா? ஒரு காதில் மட்டும், சத்தம் குறைவாக என்றால் சரி. பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடிப்பது கேட்க வேண்டுமே!