வியன்னாவில் இருக்கும் மெக்சிகோ இறகுக் கிரீடத்தை அசைத்தால் உதிர்ந்துவிடுமாம். அசைக்கக் கூடாது, சரி. மெக்சிகோவுக்குக் கொடுக்கவும் கூடாதா?

போன வருஷம் வேலை விஷயமாக வியன்னா போயிருந்தேன். ஒரு மதியம் வேலையில்லாமல் இருந்தது. நேராக வெல்ட்மியூசியம் என்ற அருங்காட்சியகத்துக்குப் போனேன், ஒரே ஒரு பொருளைப் பார்க்க. மெக்சிகோவின் அந்த இறகுக் கிரீடம். அஸ்டெக் அரசர் மொக்டெசூமாவின் கிரீடம் என்றுதான் ஊர் உலகம் சொல்கிறது. அவர் அதை ஒருநாளாவது தலையில் வைத்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது, அது வேறு கதை.

அறை இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. கெட்சால் பறவையின் நீண்ட வால் இறகுகள் நூற்றுக்கணக்கில் விசிறியாக விரிந்திருக்கின்றன. அகலம் 175 சென்டிமீட்டர், என்னைப் படுக்கவைத்தால் வரும் நீளம். நேரே நின்று பார்த்தபோது மங்கிய பழுப்பாகத்தான் தெரிந்தது. ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தேன், பச்சை சரசரவென்று ஓடியது. இது சாயம் இல்லை. மயில் தோகையில் நடப்பதுபோல, இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுப் பிறக்கும் நிறம். அதனால்தான் இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. நிறமியால் வரும் சிவப்பும் மஞ்சளும் பாவம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். இறகுப் பொருள் உள்ள அறைகளில் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் விளக்குப் போடத் தயங்குவது அதற்காகத்தான்.

இறகைப் பராமரிப்பவர்களின் பொறுமை எனக்கு வராது. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, வலை கட்டிய சின்ன உறிஞ்சியால் இழுப்பார்கள். ஒடிந்த காம்புக்கு ஜப்பானியக் காகிதத்தில் கட்டுப் போடுவார்கள், எலும்பு முறிவுக்குப் போடுவதுபோல. அந்துப்பூச்சி வந்தால் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, உறையவைத்துக் கொல்வார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பொறுமை இல்லை. நாம் பட்டுப்புடவைக்குப் பாச்சை உருண்டை போடுவதுபோல அவர்கள் ஆர்செனிக் நஞ்சு போட்டார்கள், பாதரச உப்புப் போட்டார்கள். அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டத்தின்படி சடங்குப் பொருட்கள் பழங்குடிகளுக்குத் திரும்பத் தொடங்கியபோது, ஹோப்பி மக்களுக்கு வந்தவற்றில் ஆர்செனிக் இருந்தது தெரியவந்தது. அவர்களுக்கு அவை அணிந்து ஆடுவதற்கானவை. பூச்சியிடமிருந்து காப்பாற்றிய பொருளைச் சொந்தக்காரர் தொடப் பயப்பட வேண்டியதாயிற்று.

காப்பாற்றப் போய்க் கெடுப்பதிலிருந்து வியன்னாக் கிரீடமும் தப்பவில்லை. 1596ஆம் வருஷப் பட்டியலில் அதன் பெயர் ‘மூர் தொப்பி’, அதாவது வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின் தொப்பி. 1878இல் பழுதுபார்த்தபோது அதைக் கொடி என்று நினைத்துப் பலகையில் தட்டையாக விரித்தார்கள். கொடிங்கா பறவையின் நீல இறகு போன இடங்களில் மீன்கொத்தி இறகை வைத்தார்கள். காணாமல் போன தங்க வில்லைகளுக்குத் தங்கமுலாம் பூசிய பித்தளை. ஆக, இன்று நாம் பார்ப்பதில் கொஞ்சம் வியன்னாவும் கலந்திருக்கிறது.

மெக்சிகோ இதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2010 முதல் 2012 வரை மெக்சிகோ, ஆஸ்திரியா இரு நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பயணத்தின் அதிர்வை இறகுகள் தாங்காது என்ற முடிவு வந்தது. அந்த அறிவியலை நான் சந்தேகிக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் இழை உதிரும், உதிர்ந்ததை ஒட்ட முடியாது.

ஆனால் பேச்சு அதோடு முடிந்துபோவதுதான் எனக்கு உறுத்துகிறது. இடம்பெயர்வது ஒன்று, உரிமை மாறுவது இன்னொன்று. ஹவாய் அரசர் கலனியோபு 1779இல் ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக்குக்குப் போர்த்திய இறகு அங்கி நியூசிலாந்தில் இருந்தது. 2016இல் ஹொனலுலுவுக்குப் போனபோது அது வெறும் நீண்டகாலக் கடன்தான். 2020இல்தான் உரிமையும் கொடுத்தார்கள். அங்கே பொருள் முதலில், உரிமை பிறகு. வியன்னாவில் ஏன் தலைகீழாகச் செய்யக் கூடாது? கிரீடம் அதே கண்ணாடிக்குள் இருக்கட்டும், பத்திரத்தில் பெயரை மாற்றுங்கள். அதற்கு எந்த அதிர்வும் கிடையாது.

யார் பெயருக்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, என்னிடம் சுலபமான பதில் இல்லை. கோபன்ஹேகனில் மூன்று நூற்றாண்டுக்கு மேல் இருந்த பிரேசில் பழங்குடிகளான துப்பினம்பா மக்களின் செந்நிற அங்கி, சிவப்பு அரிவாள்மூக்கன் இறகுகளால் ஆனது, 2024இல் பிரேசிலுக்கு, ரியோவில் உள்ள அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. அந்த மக்களுக்கு அது மூதாதை. ஆனால் வந்து இறங்கியபோது முறைப்படி சடங்கு செய்து வரவேற்க விடவில்லையே என்று அவர்களே வருந்தினார்கள். ரியோ அருங்காட்சியகத்துக்குத் திரும்புவதும் துப்பினம்பாவுக்குத் திரும்புவதும் ஒன்றில்லை. மெக்சிகோவிலும் அரசு வேறு, அஸ்டெக்குகளின் மொழியான நவாட்ல் பேசும் ஊர்கள் வேறு.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “உரிமை கொடுத்தா, அடுத்த மாசமே எடுத்துட்டுப் போறோம்னு சொன்னா?” என்றார். சொல்லட்டுமே. 1878இல் மீன்கொத்தி இறகை வைத்தவர்கள் யாரைக் கேட்டு வைத்தார்கள்?