எல்லாரும் வரலாம்னு போர்டு போட்டா மட்டும் போதாதுங்க

"எல்லா வயசுக்காரங்களும் எல்லா உடல்நிலைக்காரங்களும் வரலாம்"னு இப்ப நிறைய ஃபிட்னஸ் கிளாஸ் விளம்பரம் வருது. போலாமா, எல்லாரும் நம்மளையே வேடிக்கை பாப்பாங்களானு தயங்குறவங்களுக்காக இத எழுதுறேன். நான் போலியோவால இடது கால்ல காலிபர் (காலைத் தாங்கிப் பிடிக்குற சாதனம்) போட்டு நடக்குறவ, வயசு 47, சென்னைல இப்படி ஒரு குரூப் கிளாஸுக்குப் போயிட்டு இருக்கேன். தாராளமா போங்க, ஆனா அங்க நமக்கு என்னென்ன கிடைக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க.

முன்னாடி ஒரு ஜிம்ல என்னை ஓரமா ஒரு சேர்ல உக்கார வெச்சு "நீங்க கைய மட்டும் ஆட்டுங்க மேடம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க, ஃபீஸ் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான். நம்மள உள்ள விட்டாங்கங்கறதால அது நமக்கான கிளாஸ் ஆகிடாது. நம்ம உடம்பையும் யோசிச்சு அன்னிக்கு பயிற்சியப் போட்டிருக்கணும், எனக்கு அதுதான் முக்கியம்.

இப்ப போற எடத்துல ஸ்குவாட் வந்துச்சுனா ஒரு ஐடி பையன் டம்பெல்லோட முழுசா உக்காந்து எழுந்திருப்பான், பக்கத்துல மூட்டு ஆபரேஷன் ஆன ரிட்டயர்டு டீச்சரம்மா சேர்ல உக்காந்து கைய ஊனாம மெதுவா எழுந்திருப்பாங்க, சேர் நகரக்கூடாதுனு சுவத்தோட ஒட்டிப் போட்டிருக்கும், நான் உக்காந்தபடி நல்ல கால்ல ரெசிஸ்டன்ஸ் பேண்ட், அதாவது இழுத்தா நீளுற ரப்பர் பட்டை, மாட்டி நீட்டி மடக்குவேன். மாஸ்டர் எண்ணுறது எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை, முடிக்கிறதும் ஒண்ணாதான். வீல்சேர்ல வர்றவருக்கு அந்த ரப்பர் பட்டைய பின்பக்கமா இழுக்குற பயிற்சிதான் அதிகம், நாள் பூரா சக்கரத்த தள்ளித் தள்ளி அவருக்குத் தோள் ஏற்கனவே தேஞ்சு போயிருக்கும்ல. இதெல்லாம் நம்மளப் பாத்ததுக்கு அப்புறம் அவசரத்துல யோசிக்கிறது இல்ல, முன்னாடியே யோசிச்சு வெச்சிருப்பாங்க.

முதல் நாளே பிபி, சுகர், ஆபரேஷன், சாப்புடுற மாத்திரை எல்லாம் கேக்கணும். கேக்கலனா எனக்கு அந்த எடத்து மேல நம்பிக்கை வராது. சில பிபி மாத்திரை இதயத் துடிப்ப ஏற விடாது, அப்ப எவ்வளவு கஷ்டப்பட்டு செய்யுறோம்னு கைல கட்டுன வாட்ச் காட்டுற துடிப்ப வெச்சு சொல்ல முடியாது, செய்யும்போது பேச முடியுது ஆனா பாட்டுப் பாட முடியல அப்படிங்கற அளவு மூச்சு வாங்கினா மிதமான பயிற்சினு கணக்கு. இன்சுலின் போடுறவங்க குளுக்கோஸ் கைல வெச்சுக்கணும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஹாலுக்குள்ள போகணும்னா செருப்ப வாசல்லயே கழட்டச் சொல்லுவாங்க. என் காலிபரே ஷூவோட சேந்ததுதான், அத கழட்டிட்டு நான் எப்படி நிக்கிறது? சுகரால பாதத்துல உணர்ச்சி கொறஞ்சவங்களும் வெறுங்கால்ல குதிக்கக் கூடாது. தனியா ஒரு ஷூ வெச்சுக்கோங்க, உள்ள மட்டும் போடுறதுக்கு.

"வலிச்சாதான் பலன்"னு கத்துற டிரெய்னர்கிட்ட மட்டும் போயிடாதீங்க. இந்தியால இயற்கையா பரவுற போலியோ வைரஸால வந்த கடைசி கேஸ் 2011ல, அதனால எங்கள மாதிரி ஆளுங்கள எப்படிப் பாக்கணும்னு இப்ப இருக்குற இளம் டிரெய்னர் நிறைய பேருக்குத் தெரியாது, அது அவங்க தப்பும் இல்ல. ஆனா போலியோ பாதிச்ச தசைய களைச்சுப் போற வரைக்கும் வேலை வாங்கினா அது இன்னும் பலவீனமாகலாம், மறுநாளும் அசதி போகலனா அளவக் கொறைக்கணும். இத நாமளே வாயத் தெறந்து சொல்லிடணும், கூச்சப்படாதீங்க.

எங்க மாஸ்டர்கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது அவர் பேசுற விதம். "இப்படிப் பண்ணுங்க"னு சொல்லவே மாட்டாரு, "வலது கைய காதோட ஒட்டி மேல தூக்குங்க, உள்ளங்கை முன்னாடி பாக்கட்டும்"னு சொல்லுவாரு, பார்வை இல்லாத அண்ணன் ஒருத்தர் அத மட்டும் கேட்டுட்டே சரியா செய்யுறாரு. காது கேக்காதவங்களுக்காக முதல்ல ஒரு தடவ முழுசா செஞ்சு காட்டுவாரு, முதுகக் காட்டிட்டுப் பேச மாட்டாரு. தொட்டு திருத்தணும்னா கேட்டுட்டுதான் தொடுவாரு. வெயிட்ட பத்தி, தொப்பைய பத்தி யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது நமக்கும் சேத்துதான், 2020 வழிகாட்டுதல்ல மாற்றுத்திறனாளிகளுக்குனு தனியாவே எழுதியிருக்காங்க. அதனால சேருறதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு எத்தனை படி, லிஃப்ட் இருக்கா, பாத்ரூம் கதவுல வீல்சேர் நுழையுமா, கைப்பிடி வெச்ச சேர் இருக்கானு கேளுங்க. ஒரு நாள் ட்ரையல் கேளுங்க. "வாங்க பாத்துக்கலாம், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு மட்டும் பதில் வந்தா வேற எடம் தேடுங்க. "உங்களுக்கு என்ன பிரச்சனை, எது செஞ்சா வலிக்குது"னு திருப்பிக் கேக்குறாங்கனா ட்ரையலுக்குப் போய்ப் பாருங்க.