அமைச்சை மாற்றுகிறீர்கள், எங்கள் கோப்பு எங்கே?

"இவ்விடயம் தற்போது எமது அமைச்சின் கீழ் வருவதில்லை." இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்த ஒற்றை வரிக் கடிதத்தை வாங்கிய குடும்பங்கள் ஏராளம். எங்கள் வீட்டுக்கும் வந்தது. காணி உறுதி, கிராம சேவகரின் கடிதம், இடம்பெயர்ந்த பதிவு என்று எல்லாவற்றையும் அலைந்து சேர்த்துக் கொடுத்த வீட்டுத்திட்ட விண்ணப்பம் அது. கோப்பு எங்கே என்று கேட்டால், "அமைச்சு மாறிட்டுது, வர்த்தமானி வரட்டும்" என்கிறார்கள். அந்த எழுதுவினைஞர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் என்ன செய்வார்? யாருக்கு எந்தப் பதவி கொடுத்தால் கூட்டணி உடையாது என்று கணக்குப் பார்த்துக் கொழும்பில் அமைச்சுகளை வெட்டி ஒட்டுகிறவர்கள் மேல்தான் கோபம்.

மீள்குடியேற்றத்தையே எடுங்கள். 2015 செப்டெம்பரில் அது சிறைச்சாலைகள் மறுசீரமைப்பு, புனர்வாழ்வு, இந்து மத அலுவல்கள் ஆகியவற்றோடு ஒரே அமைச்சு. சிறையையும் கோயிலையும் வீடிழந்த சனத்தையும் ஒருவர் கையில் கொடுக்க என்ன நியாயம் இருந்தது? 2018 மே மாதம் சிறைச்சாலை போய் வடக்கு அபிவிருத்தி வந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் இந்து மத அலுவல்கள் ஒரு பக்கம் பிரிந்தன. மீள்குடியேற்றம் பிரதமரின் அமைச்சுக்குப் போய், தேசிய கொள்கைகள், பொருளாதாரம், தொழிற்பயிற்சி, இளைஞர் விவகாரம் என்ற நீண்ட பெயருக்குள் புதைந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் செயலாளர் மாறுகிறார், கையெழுத்திடும் அதிகாரம் மாறுகிறது, ஒதுக்கிய பணத்தைப் புதிய தலைப்புக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அதுவரைக்கும் மாரி மழையில் தகரக் கொட்டிலுக்குள் இருப்பது யார்?

இது எங்களுக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. அதே 2015 இல் உயர்கல்வியும் நெடுஞ்சாலைகளும் ஒரே அமைச்சர். 2017 இல் லொத்தர் சபைகளை வெளிவிவகார அமைச்சின் கீழ் கொண்டுபோனார்கள். 2020 இல் பிரம்பு, பித்தளை, மட்பாண்டம், மரத் தளபாடத்துக்கு ஓர் இராஜாங்க அமைச்சு, பத்திக்குக்கும் கைத்தறிக்கும் இன்னொன்று. குயவர்களும் நெசவாளர்களும் உதவி கிடைக்க வேண்டியவர்கள்தான், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அதற்கு ஒரு நல்ல திணைக்களம் போதாதா? வாகனம், பாதுகாப்பு, ஆளணி எல்லாம் சேர்த்து ஓர் அமைச்சா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2007 இல் எல்லா வகை அமைச்சர்களையும் கூட்டினால் நூறைத் தாண்டியது. அந்த வெறுப்பில்தான் 2015 இல் அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் அமைச்சரவைக்கு 30, மற்ற அமைச்சர்களுக்கும் பிரதி அமைச்சர்களுக்கும் சேர்த்து 40 என்று எல்லை போட்டது. கூடவே ஒரு ஓட்டையும் வைத்தார்கள்: அதிக ஆசனம் பெற்ற கட்சி மற்றக் கட்சிகளோடு சேர்ந்து தேசிய அரசாங்கம் அமைத்தால் எண்ணிக்கையைப் பாராளுமன்றம் கூட்டிக்கொள்ளலாம். சில மாதங்கள்கூடப் பொறுக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் அமைச்சரவைக்கு 48 பேர், மற்றப் பதவிகளுக்கு 45 பேர் என்று அனுமதி எடுத்தார்கள். 225 பேர் கொண்ட சபையில் 93 பதவி! 2019 இல் இன்னும் மோசம். ஒரே ஓர் உறுப்பினர் உள்ள கட்சியைச் சேர்த்துக்கொண்டு, அதையும் தேசிய அரசாங்கம் என்று சொல்லி எண்ணிக்கையைக் கூட்டப் பார்த்தார்கள்.

சரி, 2024 நவம்பரில் ஜனாதிபதியைத் தவிர 21 பேரே அமைச்சரவை அமைச்சர்களாகப் பதவியேற்றார்கள். அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த 21 பேரில் ஒரு முஸ்லிம்கூட இல்லை என்பது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அதோடு, குறைத்தது ஓர் அரசாங்கத்தின் விருப்பம்தான். அமைச்சுகளின் விடயங்களை ஜனாதிபதி எந்த நேரத்திலும் மாற்றலாம் என்றே அரசியலமைப்பு இன்றும் சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் அமைச்சரவையில் 1848 முதல் இன்றுவரை ஏழு பேர்தான். அயர்லாந்தின் அரசியலமைப்பு 15 பேருக்கு மேல் விடாது. அந்த நாடுகள் நடக்கவில்லையா?

தேசிய அரசாங்கம் என்ற அந்த விதிவிலக்கைத் தூக்குங்கள். எந்தத் திணைக்களம் எந்த அமைச்சின் கீழ் என்பதைச் சட்டமாக எழுதுங்கள். மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றத்தில் காரணம் சொல்லி வாக்கெடுங்கள். மாற்றுகிற அன்றைக்கே, பழைய கோப்பு எந்தக் கந்தோருக்குப் போகிறது, எந்த அதிகாரி பொறுப்பு என்று விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும், அவரவர் மொழியில், எழுத்தில் அறிவியுங்கள்.