மெப்பைத் தொடுவதற்கு முன்

கொழும்பில் ஈசியூ டியூனிங், அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரில் எவ்வளவு பெற்றோல், எப்போது ஸ்பார்க் என்று சொல்லும் அட்டவணையை (மெப்பை) மாற்றி எழுதுவது பழக ஆசைப்படும் தம்பிமார் முதலில் விசாரிப்பது எந்தக் கேபிள், எந்த சொஃப்ட்வெயர் என்றுதான். அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் லொக், அதாவது ஓடும்போது ஈசியூ பதியும் சென்சர் அளவுகளை வாசிக்கப் பழகுங்கள். காரின் ஓபிடி சொக்கெட்டில் பூட்டும் சாதாரண ஸ்கானர் போதும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு லோங் டேர்ம் ஃபுவல் ட்ரிம்மை, அதாவது ஈசியூ தானாகவே பெற்றோலைக் கூட்டிக் குறைத்திருக்கும் வீதத்தைப் பாருங்கள். ஐட்லில் +15% காட்டி, ஆர்பிஎம் ஏற ஏற இறங்கினால், இன்டேக் பக்கம் எங்கேயோ காற்று இழுக்கிறது. ஐட்லில் சரியாக இருந்து லோட் ஏறும்போது கூடினால் பெற்றோல் பம்ப், ஃபில்டர், இல்லாவிட்டால் அழுக்குப் பிடித்த ஏர்ஃப்ளோ சென்சர். இதைத் திருத்தாமல் மெப்பில் பெற்றோலைக் கூட்டுவது வேலையே இல்லை.

ஒக்டேனை, அதாவது பெற்றோல் சிலிண்டருக்குள் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவை, பலர் யோசிப்பதே இல்லை. ஜப்பான் தரத்தின்படி அங்கே ஹை-ஒக்டேன் பெற்றோல் 96க்குக் குறையக்கூடாது. இங்கே பம்பில் வழக்கமாகக் கிடைப்பது 92உம் 95உம். அங்கே எழுதிய டர்போ மெப்பை அப்படியே ஏற்றி, 92 அடித்து, ஏப்ரல் வெயிலில் காலி வீதி நெரிசலில் ஊர்ந்தால், இன்டேக் காற்று 50 பாகை செல்சியஸைத் தாண்டலாம். அந்தச் சூட்டில் ஒரேயடியாக அழுத்தினால் அந்தத் தானான வெடிப்பு, அதாவது நொக். பலமான நொக் என்றால் பிஸ்டன் ரிங் இருக்கும் விளிம்பு உடைய அதிக நேரம் எடுக்காது. ஆகவே ஸ்பார்க் எவ்வளவு முந்தி அடிக்கிறது என்ற டைமிங்கை ஒரு தடவைக்கு 1 டிகிரிக்கு மேல் கூட்டவேண்டாம். கூட்டியும் டோர்க் (எஞ்சினின் இழுவை) ஏறவில்லையா, நொக் கேட்காவிட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

முழு லோடில் டர்போ பெற்றோல் எஞ்சினுக்கு லாம்டா 0.80 அளவில் வேண்டும் (1 என்றால் காற்றும் பெற்றோலும் சரிசமன், அதற்குக் குறைந்தால் பெற்றோல் கூட). காரோடு வரும் சாதாரண ஒக்சிஜன் சென்சர் அதைச் சரியாகக் காட்டாது, லாம்டாவைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சர் கட்டாயம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய பார்ட்ஸ் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய இன்ஜெக்டர்களை, எவ்வளவு பெற்றோல் விடுகின்றன என்று ஃப்ளோ டெஸ்ட் செய்யாமல் பூட்டினால், நாலு சிலிண்டருக்கும் நாலு அளவில் பெற்றோல் போகும். வைட்பேண்ட் எல்லா சிலிண்டர்களின் சராசரியை மட்டுமே சொல்லும். மீற்றரில் எல்லாம் சரியாக இருக்க, ஒரு சிலிண்டர் மட்டும் லீனாக, அதாவது பெற்றோல் குறைந்து ஓடி எரிந்துபோவது இப்படித்தான்.

புதிய ஃபைலை ஈசியூவில் எழுதும்போது பற்றரியை மட்டும் நம்பவேண்டாம். 13 வோல்ட்டுக்குக் குறையாமல் நிலையாகத் தரும் பவர் சப்ளையைப் பூட்டி, ஏசி, லைட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பாதியில் கரண்ட் விழுந்தால் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், ஈசியூவைக் கழற்றி மீட்கவேண்டி வரலாம். ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடத்தில் சேமித்து, செக்சம் (ஃபைல் பழுதில்லை என்று சரிபார்க்கும் எண்) சரியா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

இதைப் பழக ஒரு பழைய ஈசியூவும் அதன் வயரிங் படமும் போதும். மேசையில் அதே பவர் சப்ளையைக் கொடுத்து, கை படியும்வரை வாசித்து எழுதுங்கள். வாடிக்கையாளரின் காரில் பழகாதீர்கள்.