கர்ப்பம் உறுதியான பிறகு பத்தியம் என்றால் தாமதம்

பி.கே.யு. (புரதத்தில் இருக்கும் ஃபினைல்அலனின் என்ற பொருளை உடம்பால் சரியாகச் சிதைக்க முடியாத பிறவிக் குறை; புரதம் குறைத்த பத்தியம் தேவை) உள்ள பெண்கள் 'கர்ப்பம் உறுதியானதும் பழைய பத்தியத்துக்குத் திரும்பலாம்' என்று உங்க கட்டுரையில் இருக்கிறது. தப்புங்க. பாளையங்கோட்டையில் இருக்கும் என் தங்கைக்கு இந்தக் குறை உண்டு. கரு தரிக்க மூணு மாசம் முன்பிருந்தே ரத்தத்தில் ஃபினைல்அலனின் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குள் நிற்கணும் என்றுதான் டாக்டர் சொன்னார். அது ஏறினால், நோயே இல்லாத பிள்ளைக்கும் தலை சிறுத்துப்போகலாம், இதயக் கோளாறு வரலாம்.

எங்க ஊர்ச் சாப்பாட்டில் இது லேசா? சொதியிலேயே பாசிப்பருப்பு. 'ரெண்டு உசிரு, ஒரு முட்டையாவது தின்னு பிள்ள' என்று அவள் மாமியார் தினமும் புலம்புவாங்க. இவளோ சோற்றைக்கூட தராசில் கிராம் கணக்கில் நிறுத்துவிட்டு, மிச்சப் பசிக்கு மரச்சீனிக்கிழங்கும் ஜவ்வரிசியும். கூடவே ஃபினைல்அலனின் இல்லாத புரத மாவு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கு. மசக்கையில் அதைக் கக்கின வாரம் அளவு ஏறிப்போச்சு. பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே கரைக்குமாம், அந்தப் புரதத்திலிருந்தும் ஃபினைல்அலனின் ரத்தத்தில் சேருமாம்.

மாப்பிள்ளை அத்தை மகன்தான். சொந்தம் என்பதால் அவரிடமும் இதே மரபணுக் குறை இருக்கலாம், அப்படியானால் பிள்ளைக்கும் நோய் வரலாம் என்று அவருக்கும் மரபணு சோதனை என்றதும் வீட்டில் ஒரே சண்டை. சொந்தத்தில் கட்டுகிற நமக்கு அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.