அந்த இடத்தின் பெயரை எடுத்துவிடுங்கள்

ஒரு சேனலில் வந்த அந்தத் தூண்டில் மீன்பிடி வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் பத்து நாளாக இருந்தேன். நேற்று மறுபடியும் மூன்று பேர் இன்பாக்ஸில் அதையே அனுப்பி, "அண்ணா, நீங்க போற இடம்தானே இது?" என்று கேட்டார்கள். ஆமாம், அதே இடம்தான். இருபத்தெட்டு வருடமாக நான் போகிற இடம். மேப்பில் பின் போட்டு, வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் இறங்குவது, தண்ணீர் எப்போது வற்றும் என்பது வரை சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்தும் ஆயிற்று.

மீன் பிடித்தவர் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. ஏழெட்டுக் கிலோ கொடுவாவைத் தூண்டிலில் கரையேற்றுவது சாதாரண விஷயம் இல்லை, கை பழகியிருக்க வேண்டும். மீனைக் காட்டட்டும், சந்தோஷப்படட்டும், நானும் லைக் போடுகிறேன். இடத்தை ஏன் காட்ட வேண்டும்? என் கேள்வி இது ஒன்றுதான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான் போனபோது கரையில் முப்பத்தைந்து, நாற்பது பைக் நின்றது. வழக்கமாக நான்கைந்து பேர் இருப்போம், முகம் பார்த்தால் தெரியும். அன்று ஒரு முகமும் தெரியவில்லை. அறுத்துப் போட்ட தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, சுருள் சுருளாகக் கிடந்தது. நாய் ஒன்றின் காலில் அது சுற்றிக்கொண்டு, அவிழ்ப்பதற்குள் அரை மணி நேரம் ஆனது. குப்பத்துக்காரர்கள் ராத்திரியே போட்டுவைத்திருந்த வலைக்கு நேர் மேலே லூரை, அதாவது பொய் இரையை, வீசிக்கொண்டிருந்தார்கள். வலை இருக்கிறது என்று சொன்னால், "ஆறு பொதுதானே ப்ரோ" என்றார் ஒரு தம்பி.

வெயில் ஏறியதும் குப்பத்து மீனவர் ஒருவரை, நான் தாத்தா என்று கூப்பிடுகிறவரை, பார்க்கப் போனேன். அவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து, வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெயின்ட் டப்பா மூடி. அதில் வலையிலிருந்து எடுத்த லூர்கள், பதினொன்று. மூன்று முள் கொக்கியோடு, கண் வரைந்து, மஞ்சளும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மீன்கள். ஒவ்வொன்றையும் எடுக்க நாலைந்து கண்ணியை வெட்டியிருக்கிறார். மூடியை என் பக்கம் தள்ளி, "இதுல உன்னுது எதுனா இருக்குதா பாரு நைனா" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. என்னுடையதாக இருந்தால் திருப்பிக் கொடுக்கத்தான் கேட்டார். விலை அதிகம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம்.

இல்லை தாத்தா என்றேன். உண்மையிலேயே இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்குப் பத்து வயதில் அப்பா சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போனார். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை, ஞாயிறு ஒருநாள்தான் அவருக்கு. ராடும் கிடையாது, ரீலும் கிடையாது. கட்டையில் சுற்றிய கைத்தூண்டில், ஈயக்குண்டு, இறால் துண்டு. நான் முதலில் பிடித்தது ஒரு கெளுத்தி. பிடித்த சந்தோஷத்தில் கையால் அமுக்கினேன், முள் ஏறிவிட்டது. அலறிய என்னை இந்தத் தாத்தாதான் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய், பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் கையை முக்கவைத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். எங்கே நிற்கலாம், எந்த நாளில் யார் வலை இருக்கும், தண்ணீர் ஏறும்போது எந்த ஓரம், வற்றும்போது எந்த ஓரம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னது. ராத்திரியில் டார்ச் அடித்தால் கொடுவாவின் கண் தணல் மாதிரி சிவப்பாக மின்னும் என்று முதலில் காட்டியவர் அவர். அதன் செவுள் மூடியில் விரல் வைக்காதே, பிளேடு என்றவரும் அவர். இந்த இடத்தை எனக்கு ஒருவர் கொடுத்தார். அதை இன்னொருவருக்கு நான் கொடுப்பதாக இருந்தால், கூட அழைத்துப் போய், அவரிடம் சொல்லி, பழக்கிக் கொடுப்பேன். முன்பின் தெரியாத லட்சம் பேருக்குக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. அந்தச் சேனல்காரருக்கும் கிடையாது.

"மீனை விட்டுவிட்டார்களே, அப்புறம் என்ன?" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் பதில். வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மீன் கரைக்கு வரும்போது வானம் இருட்டு. தண்ணீரில் விடும் காட்சியில் பின்னால் இருக்கும் கோபுரத்தில் வெயில் அடிக்கிறது. நடுவில் அந்த மீன் எங்கே இருந்தது? செவுள் வழியாகக் கோத்த மஞ்சள் கயிறு ஒரு நொடி தெரிகிறது, நிறுத்திப் பார்த்தால் யாருக்கும் தெரியும். நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அப்புறம் தாடையைப் பிடித்து, முழு எடையும் கழுத்தில் தொங்கும்படி செங்குத்தாகத் தூக்கி, ஆள் மாற்றி ஆள் படம். விட்டதும் அது பக்கவாட்டில் சாய்கிறது, அங்கேயே வீடியோவை வெட்டிவிட்டார்கள். அந்த மீன் பிழைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் குழம்பு வைத்திருந்தால் எனக்கு வருத்தமே இருந்திருக்காது. சாப்பிடப் பிடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, என் வீட்டிலும் ஞாயிறு மதியம் அதுதான்.

கொடுவாவைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று புரியும். அது முதலில் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா என்றால் அநேகமாகப் பெட்டைதான். வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை. நல்ல தண்ணீரிலும் உப்பங்கழியிலும் வளர்ந்தாலும் முட்டையிட அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும், அதனால் முகத்துவாரத்தை ஒட்டித்தான் வந்து சேரும். அதாவது தாய் மீன்கள் எங்கே, எப்போது கூடும் என்பதுதான் "ஸ்பாட்". அதைத்தான் பின் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதே மீனுக்கு பாராமுண்டி என்று பெயர். அங்கே குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் எடுக்கக் கூடாது, 120க்கு மேலே இருந்தாலும் எடுக்கக் கூடாது. பெரியதை விட்டுவைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே பெரியதற்குத்தான் வியூஸ்.

"பண்ணையில்தான் கொடுவா குஞ்சு உற்பத்தி செய்கிறார்களே" என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்கிறார்கள், தெரியும். நம் சென்னையிலேயே இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997ல் அதைச் சாதித்தது, பெருமையான விஷயம். ஆனால் அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் போவது குளத்துக்கும் கூண்டுக்கும். எங்கள் கழியில் தூண்டில் போடுகிறவன் அந்தக் கணக்கை நம்பி உட்கார முடியாது.

அந்தச் சேனலில் அடிக்கடி, பாஸ் என்ற நன்னீர் மீனை அமெரிக்காவில் தூண்டிலில் பிடிப்பதைப் பார்த்துத்தான் கற்றோம் என்கிறார்கள். நானும் வருடக்கணக்கில் பார்க்கிறேன். அப்படியானால் முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். பாஸ் போட்டிகளை நடத்திய ரே ஸ்காட் 1972லேயே பிடித்த மீனைக் கொல்லாதே என்று ஆரம்பித்தார். லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போட முடியாது, இத்தனை மீன், இந்த அளவு என்று ஒவ்வொரு மாநிலத்திலும் கணக்கு உண்டு. அங்கேயே சோஷியல் மீடியா வந்த பிறகு இதே சண்டைதான். ஊருக்கு நாலு பேருக்குத் தெரிந்த சின்ன ஏரியை வீடியோ போட்டுக் காலி செய்வதற்கு ஸ்பாட் பர்னிங் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், இடத்தையே கொளுத்துவது. வசந்த காலத்தில் ஆண் பாஸ் கரையோரம் குழி பறித்து முட்டையைக் காவல் காக்கும். அதைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு விடுவதற்குள் சின்ன மீன்கள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும். விட்டால் போதும் என்பது அங்கேயும் பொய்த்துப்போன வாதம். ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி 1932ல் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம் கணக்கில் பத்துக் கிலோ. 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதற்குச் சமம் என்று வைத்தார்களே தவிர, பெர்ரியின் பெயர் இன்னும் உலக சாதனைப் பட்டியலில் நிற்கிறது. அவர் மீனை எடை போட்டுப் பதிந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பம் சமைத்துச் சாப்பிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

"இடம் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. என் அப்பன் வீட்டுச் சொத்தாக இருந்தால் நானே எழுதிக் கொடுத்திருப்பேன். அது குப்பத்தின் வயிற்றுப்பாடு. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்தத் துறையில் என்றைக்கு யார் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருத்தன் முறையில் இன்னொருத்தன் நுழைய மாட்டான். ஆறு பொது என்பதன் அர்த்தம் அதுதான். எவன் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்பது பொது ஆகாது. இடத்தை மறைப்பது சுயநலம் என்கிறீர்கள். லட்சம் வியூஸுக்காக இன்னொருவன் பாட்டைத் திறந்துவிடுவதற்கு என்ன பெயர்?

"விசைப்படகு அள்ளுகிற மீனை விட்டுவிட்டு ஒரு தூண்டிலைப் பிடித்துத் தொங்குகிறீர்களே" என்கிறவர்களுக்கு: விசைப்படகுக்காவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது, காசிமேட்டில் கட்டிப்போடுகிறார்கள். உங்கள் சேனலுக்கு எத்தனை நாள் தடை?

வீடியோவால் சில பையன்களுக்கு வருமானம் வருகிறது, கைடு வேலை கிடைக்கிறது என்பதும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையன்கள் யாரும் அந்தக் குப்பத்துப் பையன்கள் இல்லை.

சரி, இவ்வளவும் மீனைப் பற்றி. நிஜத்தில் எனக்குத் தூக்கம் போனது அந்த வீடியோவின் ஒன்பதாவது நிமிடத்தால். "லோக்கல் ஆளுங்க வந்து பிரச்சினை பண்ணாங்க" என்று எழுத்துப் போட்டு, தாத்தா கையை ஆட்டிப் பேசுவதைக் காட்டுகிறார்கள். அவர் சொல்வது, இந்தப் பக்கம் வலை கிடக்குது, அந்தப் பக்கம் போய்ப் போடுங்கப்பா என்பதுதான். அந்தக் குரலைக் குறைத்து, மேலே காமெடி மியூசிக். அவர் வாய் திறந்திருக்கும்போது படத்தை நிறுத்தி முகத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கீழே கமென்ட்டில் நார்த் மெட்ராஸ்னாலே இப்படித்தான், ரவுடி ஏரியா, கட்டிங் கேட்டிருப்பான் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். எழுபது வயது தாண்டிய மனிதர். இந்தக் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் வந்து சேர்ந்ததைப் பார்த்தவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணெய் மிதந்து வந்தபோது படகும் வலையும் கறுப்பாகி, வாரக்கணக்கில் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவர். அப்போதும் காமிரா வந்தது. அவரிடம் பேட்டி எடுத்தார்கள், மரியாதையாக ஐயா என்றார்கள். இப்போது அதே மனிதர் உங்களுக்குச் சிரிப்புக்கு ஆனாரா? அவரிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. பேத்தி காட்டியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் யாரோ இது உன் தாத்தாதானே என்று கேட்டதாம்.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. லூரைத்தான் காட்டினார்.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. 2019ல் நானும் ஒரு கொடுவாவைத் தூக்கிப் பிடித்து இங்கேயே படம் போட்டேன். இடம் எழுதவில்லை, ஆனால் பின்னால் கோபுரமும் பாலமும் தெளிவாகத் தெரிந்தன. பழகினவனுக்கு அது போதும். அந்தச் சேனல்காரர் அதைப் பார்த்துத்தான் வந்தாரோ என்ற நினைப்பு என்னைச் சும்மா விடவில்லை. நேற்று ராத்திரி அதை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் கமென்ட்டுகளை எண்ணினேன், நாற்பத்தொன்று. அதில் முப்பதுக்கு மேல் "லொகேஷன் ப்ளீஸ்".

அவருக்கு மூன்று முறை மெசேஜ் போட்டுவிட்டேன், பதில் இல்லை. அவர் நண்பர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், தெரியும். வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை. மீன் இருக்கட்டும். தலைப்பில் உள்ள இடத்தின் பெயரையும், மேப் லிங்கையும், அந்த ஒன்பதாவது நிமிடத்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தால் நல்லது. அன்று அமாவாசை, தண்ணீர் நன்றாக ஏறும், தாத்தா வலை போடுவார்.